அன்றைக்கு மட்டும் பேசலாம் என்றார்

ஃபெரமெஸ் இஸ்தான்புல்லில் இறந்துபோனான். ரொட்டி அடுப்பில் வேலை. மாவுத் தூசி நுரையீரலில் படிந்து, கடைசியில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டான் என்று சொன்னார்கள். உடலை வான் நகரம் வரைக்கும் விமானத்தில் கொண்டுவந்து, அங்கிருந்து நகராட்சி வண்டியில் எங்கள் பக்கத்துக்கு ஏற்றி வந்தார்கள். ஊரில் புதைத்தோம். ஏப்ரல் மாசம். பனி உருகி வழியெல்லாம் சேறு. மேலேதான் சேறு, குழி தோண்டும்போது அடியில் மண் இன்னும் உறைந்தே கிடந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

துக்க வீடு டவுனில், அவன் அக்கா கெஸால் வீட்டில். ஆம்பளைகள் கீழ் அறையில், பெண்கள் மாடியில். வருகிறவன் ஃபாத்திஹா ஓதுவான், டீ குடிப்பான், கொஞ்ச நேரம் கம்பளத்தைப் பார்ப்பான், எழுந்து போவான். நான் டயர் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நெசிமும் இருந்தான், காத்ரியும் இருந்தான். செத்துப்போனவனையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் ஒரே உறைவிடப் பள்ளியில் ஒரே அறையில் படுத்தவர்கள். நெசிம் எங்களில் மூத்தவன். கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆகிவிட்டான். காத்ரி ஆட்டு வியாபாரி.

நாங்கள் சேர்ந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுவோம். அதிலும் சிரிக்கக்கூடியதை மட்டும். எத்தனையோ தடவை சொன்னதையே திரும்பச் சொல்லி, சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போவோம். துக்க வீட்டிலும் அதுதான் நடந்தது. பள்ளியில் ஒரு நாள்கூடக் கறி கண்ணில் காட்டவில்லை என்று நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்.

"யார்டா சொன்னது கறி போடலன்னு?" என்றான் காத்ரி. "பருப்புக்குள்ள நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, அது என்னவாம்?"

நெசிம் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் நான் சிரித்தேன்.

பிறகு காத்ரி லாடத்தைப் பார்த்த கதையைச் சொன்னான். எங்கள் துணைத் தலைமையாசிரியருக்கு நாங்கள் வைத்த பேர் லாடம். பூட்ஸ் குதிகாலில் இரும்பு அடித்திருப்பார். நடைக்கூடத்தில் வரும்போது சத்தம் முன்னால் வரும். சில வருஷங்களுக்கு முன் ஆடு ஏற்றிக்கொண்டு மேற்கே கடலோர ஊர் ஒன்றுக்குப் போனபோது, டீக்கடையில் அவரைப் பார்த்திருக்கிறான். கிழவர் ஆகி, யாருடனோ தாயக்கட்டை ஆடிக்கொண்டிருந்தாராம். அவரை என்றைக்காவது பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று காத்ரி பாதி ஆயுசு மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அவர் நிமிர்ந்து, "நீ யாருப்பா?" என்றிருக்கிறார்.

"என் ஸ்கூல் நம்பரைச் சொன்னேன்டா," என்றான் காத்ரி. "பேரைச் சொல்லல. நேரா நின்னு, ரெண்டு கையையும் தொடையோட ஒட்ட வச்சு, நம்பரைச் சொன்னேன். அந்தாளு தலையாட்டிட்டு மறுபடியும் ஆட ஆரம்பிச்சுட்டாரு."

இதையும் அவன் சிரிக்கிற கதையாகத்தான் சொல்வான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு, ஃபெரமெஸின் மனைவி பெஸ்னா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் எங்கள் பக்கத்துப் பெண் இல்லை. மார்தின் பக்கத்திலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பிழைக்கப் போன குடும்பம். கல்யாணம் அங்கேயே நடந்தது. அதற்கு முன் இந்த ஊருக்கு அவள் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாள். நாங்கள் எழுந்தோம். உட்காரச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் மெத்தை ஓரமாக உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். எங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஃபெரமெஸ் அவளிடம் துருக்கியில்தான் பேசினானாம். அவளுக்கோ அப்போது துருக்கி அரைகுறை. எங்கள் குர்தி பாஷையில் பதில் சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பான். பிள்ளைகளிடமும் துருக்கிதான். அவள் தாலாட்டுப் பாடினால்கூட எழுந்து வெளியே போய்விடுவான். அவள் பாஷையைக் கேவலமாக நினைக்கிறான், அவளையே பட்டிக்காடு என்று நினைக்கிறான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அதற்காகப் பல வருஷம் அவன்மேல் கசப்போடுதான் வாழ்ந்ததாக எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மற்றபடி நல்ல மனுஷன், பிள்ளைகள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை என்றாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில், நினைவு தப்பின பிறகு, குர்தியில் பேச ஆரம்பித்துவிட்டான். அவள் அவன் வாயால் அதுவரை கேட்டிராத குர்தி. சின்னப் பையன் பேசுகிற மாதிரி, எங்கள் மலைப்பக்கத்து இழுவையோடு.

"ஒரே பேச்சுதான் அண்ணா, திரும்பத் திரும்ப. 'கையத் தூக்கு ரெஷோ. நீயும் அடிடா. அடிடா, அந்தாளு பாக்குறான்.' ரெஷோங்கிறது சின்ன வயசுல காய்ச்சல்ல போன தம்பின்னு எனக்குத் தெரியும். இவர் ஏன் தம்பிய அடிக்கச் சொல்றாருன்னுதான் தெரியல. நீங்க மூணு பேரும் கூட இருந்தீங்களாமே."

காத்ரி தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தான். நான் நெசிமைப் பார்த்தேன். நெசிம் ஜன்னலைப் பார்த்தான். யாரும் சொல்லாமல் இருக்க வழி இருந்ததா என்று யோசித்தேன்; இல்லை. மூன்று பேருமாகச் சொன்னோம். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் தொடர்ந்தான். சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேறு யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது.

ராணுவ ஆட்சி வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்த காலம். எங்கள் மலை ஊர்களில் பள்ளிக்கூடம் கிடையாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ராணுவப் போலீஸான ஜென்டர்மாக்காரர்கள் வந்து பிள்ளைகளை லாரியில் ஏற்றினார்கள். போய் இறங்கியதும் மொட்டை. தலையில் வெள்ளைப் பொடி தூவினார்கள், பேனுக்கு. அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிக் காலுறை முதற்கொண்டு எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். ஒரு நம்பர் கொடுத்தார்கள். இரும்புக் கட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஃபெரமெஸும் ரெஷோவும் ஒரே கட்டில். ஃபெரமெஸுக்குப் பதினொன்று இருக்கும். அவன் அங்கே வந்து சில வருஷம் ஆகியிருந்ததால் துருக்கி நன்றாகப் பேசுவான். ரெஷோவுக்கு ஏழு. ஒரு வார்த்தை தெரியாது.

பள்ளிக்குள் குர்தி பேசக்கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் துருக்கியில் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாதவனுக்குத் தண்ணீர் கிடையாது. ரெஷோ முற்றத்துப் பனியை எடுத்துத் தின்பான். வெளிக்குப் போக அனுமதி கேட்கவும் வார்த்தை தெரியாது. கால்சட்டையிலேயே போய்விட்டு, அதற்கும் அடி வாங்குவான். ராத்திரி போர்வைக்குள் ஃபெரமெஸ் அவனுக்கு வார்த்தை சொல்லிக் கொடுப்பான். சத்தம் வெளியே வராமல், காதோடு வாய் வைத்து. ஒவ்வொரு அறையிலும், குர்தி பேசுகிறவனைப் பிடித்துக் கொடுக்க ஒரு பையனை லாடம் வைத்திருந்தார். அவனுக்குக் 'காது' என்று பேர். எங்கள் அறையில் காது யார் என்று எங்களுக்குத் தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது.

அடுத்தது எங்கே நடந்தது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கை கழுவும் தொட்டிப் பக்கத்தில் என்றான் நெசிம். சாப்பாட்டு அறையில் என்றான் காத்ரி. எனக்குப் பருப்புச் சூப் வாசனை நினைவிருக்கிறது, ஆகவே சாப்பாட்டு அறையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாசனை அங்கே எல்லா இடத்திலும் இருந்தது. ரெஷோ என்ன சொன்னான் என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் சந்தேகமில்லை. குர்தியில், அண்ணன் பக்கம் திரும்பி, "அம்மா எப்ப வருவா?" என்றான்.

லாடம் பின்னாலேயே நின்றிருந்தார்.

குர்தி பேசினவனையும் யாரிடம் பேசினானோ அவனையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவனை ஒருவன் அறையச் சொல்வது அவர் வழக்கம். மெதுவாக அடித்தால், எப்படி அடிப்பது என்று அவரே காட்டித் தருவார். ஃபெரமெஸ் மெதுவாக அடித்தான். அவர் காட்டித் தந்தார். ஃபெரமெஸ் கீழே விழுந்து எழுந்தான். பிறகு பலமாக அடித்தான். இப்போது உன் முறை என்று ரெஷோவிடம் சொன்னார். ரெஷோவுக்கு அது புரிந்ததோ என்னவோ, கையைத் தொங்கவிட்டபடி நின்றான். ஃபெரமெஸ் கண்ணாலேயே கெஞ்சினான். "கையைத் தூக்கு" என்று துருக்கியில் சொன்னான். குர்தியில் சொல்ல முடியாதே. ரெஷோ தூக்கவில்லை.

"அப்படியானால் அவன் பங்கையும் நீயே போடு," என்றார் லாடம்.

ஃபெரமெஸ் போட்டான். போதும் என்று அவர் சொல்லும்வரைக்கும் போட்டான். நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். ரெஷோ அழவில்லை. சூப் ஆறிப்போனதும் உட்கார்ந்து குடிக்கச் சொன்னார்கள். குடித்தோம்.

இந்த இடத்தில் காத்ரி நிறுத்திவிட்டான். பெஸ்னா முக்காட்டு ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நான் தொடர்ந்தேன்.

அதற்குப் பிறகு ரெஷோ பேசவில்லை. குர்தியும் இல்லை, துருக்கியும் இல்லை. வகுப்பில் அடித்தால் அடி வாங்கிக்கொள்வான். எங்களுக்கு அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை. பேசாத பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஜனவரியில் பெரிய பனி விழுந்து வழி அடைபட்டது. கரி தீர்ந்துவிட்டது என்று ராத்திரியில் கணப்பை அணைத்துவிடுவார்கள். அப்போது ரெஷோவுக்குக் காய்ச்சல். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஃபெரமெஸுக்கும் தெரியவில்லை. பெரியவனான பிறகு, பட்டாளத்துக்குப் போகும் முன், என்னிடம் ஒரே ஒரு தடவை அவன் வாய் திறந்தது இதைப் பற்றித்தான். "அவன் உடம்பு சூடா இருந்துச்சு சித்தீக். எனக்குக் குளிரவே இல்ல. நல்லாத் தூங்கிட்டேன்," என்றான்.

காலையில் மணி அடித்தும் ரெஷோ எழவில்லை.

இதைப் பெஸ்னாவிடம் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

மிச்சத்தை நெசிம் சொன்னான். அது அவன் சொல்ல வேண்டியது.

ஜென்டர்மா ஒயர்லெஸ்ஸில் ஊருக்குச் சேதி போயிற்று. மகனைக் கூட்டிப்போக வரவும் என்று மட்டும்தான் சேதி. ரெஷோவின் அப்பா இரண்டு ஆட்களோடு சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு பனியில் நடந்தே வந்துசேர்ந்தார். வண்டியில் இரண்டு ரஜாய், கனத்த பஞ்சுப் போர்வை, போட்டிருந்தார், பையனுக்குக் குளிருமே என்று. நாங்கள் முற்றத்தில் காலை வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அப்பாவுக்குத் துருக்கி தெரியாது. லாடத்துக்குக் குர்தி தெரியாது. லாடம் ஃபெரமெஸை வரிசையிலிருந்து வெளியே அழைத்து, "உன் தந்தையிடம் சொல். இன்றைக்கு மட்டும் உங்கள் பாஷையில் பேசலாம், அனுமதி தருகிறேன்," என்றார்.

ஃபெரமெஸ் வாயைத் திறந்தான். துருக்கிதான் வந்தது. பாடப்புத்தகத் துருக்கி. "தங்கள் மகன் நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டான்," என்றான்.

அப்பா அவனைப் பார்த்தார். புரியவில்லை. "என்னப்பா சொல்ற?" என்று கேட்டார். ஃபெரமெஸ் மறுபடியும் அதையே, அதே மாதிரி, நேராக நின்று துருக்கியில் சொன்னான். அப்பா கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்கும் புரியவில்லை. மூன்றாம் தடவையும் அவனுக்குத் துருக்கிதான் வந்தது. அப்போது நெசிம் வரிசையை விட்டு முன்னால் வந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை.

"நான் சொன்னேன் தங்கச்சி," என்றான் நெசிம். "மாமா, உங்க ரெஷோ செத்துப் போயிட்டான், காய்ச்சல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். லாடம் 'வேறு என்ன கேட்கிறார்?'ன்னு கேட்டாரு. அவர் ஒண்ணும் கேக்கல."

ரெஷோவை ரஜாயில் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஃபெரமெஸையும் கூட அனுப்பச் சொல்லிக் கேட்க அப்பாவுக்கு பாஷை இல்லை. அவன் வரிசைக்குத் திரும்பி வந்தான். முதல் மணி கணக்குப் பாடம்.

எல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. பிறகு பெஸ்னா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நான் பேசுறப்பல்லாம் அவருக்கு என்ன ஆகியிருக்கும்," என்றாள். நெசிம்தான், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, அப்பா அம்மா இரண்டு பேரும் இந்த அறைந்த விஷயம் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள், அந்த மட்டும் நல்லது என்றான்.

"அப்பாவுக்குத் தெரியும்."

கெஸால் டீத் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று கவனிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெஸ்னா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் கோடையிலேயே தெரிந்துவிட்டது என்றாள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் லீவில் வந்து அவன் அம்மாவிடம் சொல்ல, அவள் மேய்ச்சல் காட்டில் பால் கறக்கும்போது கெஸாலின் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அப்பா அம்மாவையும் கெஸாலையும் மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"'அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கக்கூடாது. நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா இவனும் நமக்கு இல்ல'ன்னாரு. அம்மா அதுக்கப்புறம் அவன் முன்னாடி ரெஷோ பேரையே எடுத்ததில்ல. அவன் வீட்டுக்குள்ள வந்தா பேச்ச மாத்திருவோம்." கெஸால் நிறுத்தி, கிளாஸ்களை நகர்த்தி வைத்தாள். "அவன் ஒரு தடவ எங்கிட்ட கேட்டான். 'ரெஷோவ நீங்கள்லாம் மறந்துட்டீங்களா?'ன்னு. நான் ஆமான்னுட்டேன்."

இலையுதிர் காலம் வந்ததும் ஃபெரமெஸை மறுபடியும் அந்தப் பள்ளிக்கே அனுப்பினார்கள். அனுப்பாவிட்டால் ஜென்டர்மா வரும். அதையும் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நெசிம் எழுந்து வெளியே போனான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அப்பா உயிரோடு இருந்த காலமெல்லாம், சந்தைக்கு வந்தால் நெசிமுக்கு மூலிகைப் பாலாடைக்கட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார். நெசிம் அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு தெருவில் திரும்பிவிடுவான். அவர் பொட்டலத்தை என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார், வாத்தியாருக்கு என்று. ஏன் அவனுக்கு மட்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

"நான் மறைச்சது தெரிஞ்சே குடுத்திருக்காரு," என்றான் நெசிம்.

"ஆமா."

"என்னத்துக்குடா?"

உள்ளே காத்ரி பெண்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனோம்.

மறுநாள் பெஸ்னாவை வான் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். போகிற வழியில் ஊருக்குத் திருப்பச் சொன்னாள். ஃபெரமெஸைப் புதைத்தது மேட்டில், அப்பா அம்மா பக்கத்தில். ரெஷோ கீழ்ப்பக்கம், குழந்தைகள் கிடக்கிற இடத்தில். அங்கே கல்லில் பேர் எழுதும் வழக்கமில்லை. எது அவன் கல் என்று கெஸால் சொல்லி அனுப்பியிருந்தாள். பெஸ்னா சேற்றில் இறங்கிப் போய்க் குனிந்து, குர்தியில் என்னமோ சொன்னாள். நான் வண்டியிலேயே இருந்தேன். திரும்பி வந்து ஏறிக்கொண்டாள். வான் ஏரி கண்ணில் பட்டது. பிறகு, பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த பாஷை தனக்குக் கடைவீதி அளவுக்குத்தான் வரும், இதைச் சொல்லும் அளவுக்கு வராது என்றாள். நெசிமை போன் பண்ணச் சொல்கிறேன் என்றேன்.

நெசிம் பண்ணினான். மூத்தவன் பரானிடம் ரொம்ப நேரம் பேசினானாம். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி பெரியப்பா," என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்டில் பரான் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும், இஸ்தான்புல்லில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அத்தை வீட்டில் தங்கி, கல்லறைக்குப் போய்விட்டு, என் கடைக்கு வந்து அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். கூட்டிப் போனேன். பள்ளியை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது ரோட்டுத் துறைக்காரர்கள் பனியில் தூவுகிற உப்பும் பனி வாரும் வண்டிகளும் போட்டு வைத்திருக்கிறார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றோம். நல்ல வெயில். மாடியில் வரிசையாக ஜன்னல்கள், பாதிக்குக் கண்ணாடி இல்லை.

"அப்பா படுத்த அறை எது?" என்று கேட்டான்.

நான் பார்த்தேன். எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் அதற்குள்ளே கிடந்திருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஒன்றைக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். போட்டோ எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் சாப்பிட்டோம். அவனுக்கு ஈரல் பிடிக்குமாம், அப்பாவுக்கும் பிடிக்குமாம். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் கடைக்கு வந்தேன். ஒரு லாரிக்காரன் பின் டயரோடு காத்துக்கொண்டிருந்தான்.